ஒல்லி உடம்பு, உயர்ந்த எண்கள்: எந்த மாத்திரையை வாங்குவது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 44. சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் குடும்பத்துடன் இருக்கிறேன். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவு. பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. புகை, மது கிடையாது. உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ. எல்லாரும் ஒல்லி என்றுதான் சொல்வார்கள், ஆனால் பேன்ட் அளவு மட்டும் இரண்டு முறை ஏறிவிட்டது. போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தேன். இரவு வேலை முடிந்து காலை எட்டரைக்கு நேராகப் போய் ரத்தம் கொடுத்தேன். மூன்று மணிக்குக் குடித்த தேநீருக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. (இரவு வேலையில் மூன்று நான்கு தே ஓடிவிடும்.)

மொத்தக் கொலஸ்ட்ரால் 5.1, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 2.9, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 0.9, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 2.9, சர்க்கரை 5.9 (இவை லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்), எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.2 விழுக்காடு, ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) 24, ரத்த அழுத்தம் 136/86. "எல்டிஎல் பரவாயில்லை, எண்ணெயைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். அதனால் பயமாக இருக்கிறது. ஹோமோசிஸ்டீனுக்கு ஃபோலிக் அமிலம், டிரைகிளிசரைடுக்கு ஒமேகா-3, சர்க்கரைக்கு வெந்தய மாத்திரை என்று மச்சான் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். சமையலுக்குச் செக்குத் தேங்காய் எண்ணெயும் நெய்யும் போதும் என்கிறார். எதை வாங்குவது? 16 வயது மகன் இருக்கிறான், அவனுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எண்களைத்தான் பார்த்தேன். இரண்டாம் முறைதான் அந்த மூன்று மணித் தேநீர் கண்ணில் பட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் குறைந்தது எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. உங்களுக்கு இருந்தது ஐந்தரை மணி நேரம். அதற்கு முன் போனதும் கெட்டிப்பாலும் சீனியும் கலந்த தேநீர். கண் விழித்த இரவுக்குப் பிறகு உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே டிரைகிளிசரைடு 2.9, சர்க்கரை 5.9 இரண்டுமே உங்கள் உண்மை நிலையைவிடச் சற்று கூடுதலாகக் காட்டியிருக்கலாம். பகல் வேலை வாரத்தில், இரண்டு இரவு நன்றாகத் தூங்கிய பிறகு, காலையில் போய் மறுபடி கொடுங்கள்.

மறுபடி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எச்டிஎல் 0.9 ஒரு தேநீரால் இறங்குகிற எண் அல்ல. இரண்டு அளவு ஏறிய பேன்ட்டும் பொய் சொல்லாது. கடிதத்தில் இருப்பதிலேயே எனக்குப் பெரிய தகவல் அந்தப் பேன்ட்தான். ஒரு தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து பாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதுதான் எல்லை. உங்கள் அளவு 90-ஐத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் உடல் எடைக் குறியீடு 22.5. சிங்கப்பூரில் 23-ஐ எட்டினால்தான் எச்சரிக்கை. அதனால் எடை பார்க்கும் இயந்திரம் உங்களுக்குப் பச்சை விளக்குக் காட்டுகிறது. நம் ஊர்க்காரர்களிடம் இந்தப் பச்சை விளக்கை நம்ப முடியாது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்குமே உடல் எடைக் குறியீடு 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒரே குறியீடு, உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒல்லியாக வருகிறவர்களின் கோப்பை வேகமாக மூடிவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. டேப்பைத்தான் முதலில் எடுக்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மச்சானின் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமிக்கிற இடம் நம்மில் பலருக்குச் சின்னது. அது நிரம்பியதும் மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் போகிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்வதை அது சரியாகக் கேட்பதில்லை. சோறும் சீனியும் மிஞ்சும்போது அந்த மாவுச்சத்தையும் கொழுப்பாக மாற்றுகிறது. அதை டிரைகிளிசரைடாகத் துகள்களில் ஏற்றி ரத்தத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எண்ணெயே தொடாதவருக்கும் டிரைகிளிசரைடு ஏறுவது இப்படித்தான். இந்தத் துகள்கள் ரத்தத்தில் மற்றத் துகள்களோடு பண்டமாற்றுச் செய்கின்றன. எச்டிஎல் தன் கொலஸ்ட்ராலைக் கொடுத்துவிட்டு டிரைகிளிசரைடை வாங்கிக்கொள்கிறது. அப்படி மாறிய எச்டிஎல்லை உடம்பு சீக்கிரம் வெளியேற்றிவிடுகிறது. உங்கள் 0.9 அங்கிருந்து வருகிறது. எல்டிஎல்லும் அதேபோல் சரக்கை இழந்து, சின்னதாகவும் அடர்த்தியாகவும் ஆகிறது.

இங்கேதான் "எல்டிஎல் பரவாயில்லை" என்ற பேச்சு உங்களை ஏமாற்றுகிறது. இந்தத் துகள்களை லாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்டிஎல் எண் என்பது லாரிகளில் உள்ள சரக்கின் எடை. லாரிகளின் எண்ணிக்கை அல்ல. ரத்தக் குழாய்ச் சுவரில் போய் மோதிச் சிக்குவது லாரி. சின்னச் சின்ன லாரிகளில் குறைவான சரக்கு ஏற்றினால் மொத்த எடை நல்லதாகத் தெரியும், சாலையில் லாரி மட்டும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும். அதோடு பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேராக அளப்பதும் இல்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து அதையும் கழிக்கும் 1972-ஆம் ஆண்டுச் சூத்திரம் அது. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், 2.9 சரியாக வரும். அதாவது டிரைகிளிசரைடு கூடியதால் கணக்கில் எல்டிஎல் குறைந்து தெரிகிறது.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 5.1-ல் 0.9 போக 4.2. கெட்ட துகள்கள் சுமக்கிற மொத்தக் கொலஸ்ட்ரால் இதுதான். பொதுவாக எல்டிஎல்லைவிட 0.8 கூடுதல் வரை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்கு 1.3 கூடுதல். நேராக லாரியை எண்ண வேண்டுமானால் ஆப்போ-பி என்ற சோதனை இருக்கிறது. ஒவ்வொரு கெட்ட துகளிலும் ஒரே ஒரு ஆப்போ-பி புரதம், லாரிக்கு ஓர் ஓட்டுநர் போல. மறுபடி ரத்தம் கொடுக்கும்போது இதையும் சேர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மச்சானின் மாத்திரைகளுக்குச் செலவழிக்கப்போகும் பணத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஹோமோசிஸ்டீன் 24 என்பது அதிகம்தான். 15-க்குள் இருக்க வேண்டும். ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு ரத்தக் குழாய் கெடுகிறது என்று அமெரிக்க மருத்துவர் கில்மர் மெக்கலி 1969-ல் எழுதினார். பி வைட்டமின்களும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் அந்த எண் இறங்கும் என்பதும் உண்மை. அப்படியானால் மாரடைப்பும் குறைய வேண்டுமே? ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2006-ல் வெளிவந்தன, ஒன்று நார்வேயில் நடந்தது. ஹோமோசிஸ்டீன் இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை. எச்டிஎல் விஷயத்திலும் இதே கதை. நியாசின் என்ற பி வைட்டமினால் எச்டிஎல்லை உயர்த்திப் பார்த்த ஓர் ஆய்வு 2011-லும், 25,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்னொன்று 2014-லும் கையை விரித்துவிட்டன. எண்ணை மாற்றுவது வேறு, நோயைத் தடுப்பது வேறு. எல்டிஎல் அப்படி அல்ல: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தால் அதை 1 மில்லிமோல் இறக்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து உறுதியானது.

அதற்காக உங்கள் 24-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. அது உங்களிடம் வேறு சேதி கொண்டுவந்திருக்கிறது. முட்டைகூட இல்லாத சைவர், 44 வயது, ஹோமோசிஸ்டீன் 24 என்றால் எனக்கு முதலில் தோன்றுவது பி12 குறைபாடு. ஹோமோசிஸ்டீனை மெத்தியோனின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்ற பி12-உம் ஃபோலேட்டும் வேண்டும். பி12 இல்லையென்றால் ஹோமோசிஸ்டீன் தேங்கிவிடும். பருப்பும் கீரையும் சாப்பிடும் சைவர்களுக்கு ஃபோலேட் பெரும்பாலும் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. பி12 செடிகளில் இல்லை. இட்லி மாவு புளிப்பதால் வரும், காளானில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். பாலும் தயிரும்தான் உங்கள் வழி. அதையும் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

இதனால்தான் ஃபோலிக் அமிலத்தைத் தனியாக வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பி12 குறைவாக இருப்பவர் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், பார்க்கிறவர்களும் எல்லாம் நன்றாயிற்று என்று நினைப்பார்கள். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பாதத்தில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தடுமாற்றம் ஏதும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எதையும் தொடங்கும் முன் பி12 ரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். விழுங்கிய பிறகு எடுத்தால் ரத்தத்தில் எண் ஏறிவிடும், முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமலே போய்விடும். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையை நீண்ட நாள் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சிறுநீரகமும் தைராய்டும் மந்தமாக இருந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். எடுத்த ரத்தத்தைக் குளிரில் வைக்காமல், உடனே பிரிக்காமல் போட்டு வைத்தாலும் சிவப்பணுக்களிலிருந்து அது கசிந்து எண்ணைக் கூட்டிவிடும். ஆகவே ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

இன்னொன்று. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட வயது கூடியவையாக இருக்கலாம். அப்போது எச்பிஏ1சி உண்மையைவிடக் கொஞ்சம் கூடக் காட்டும். உங்கள் 6.2 அப்படிப்பட்டதாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. சிங்கப்பூர் வழிகாட்டியிலும் 6.1 முதல் 6.9 வரை வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையையோ, குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனையையோ பார்ப்பார்கள். எனவே பி12, முழு ரத்த எண்ணிக்கை, ஒழுங்கான வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஒமேகா-3 மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீரிழிவு உள்ள 15,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. இதயத்துக்குப் பலன் தெரியவில்லை. அதே ஆண்டு பலன் காட்டிய இன்னோர் ஆய்வில் கொடுத்தது 4 கிராம் சுத்திகரித்த மருந்து, அதுவும் ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுப்பவர்களுக்கு. கடையில் கிடைக்கும் புட்டி அது அல்ல. மேலும் நீங்கள் சைவம். அந்தப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் மீன் எண்ணெய், உறை ஜெலட்டின். வெந்தயம் குழம்பில் இருக்கட்டும். மாத்திரையாக வேண்டாம்.

தேங்காய் எண்ணெயும் நெய்யும் மட்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல்லை உயர்த்தும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கனோலா எது வேண்டுமானாலும் அளவோடு பயன்படுத்துங்கள். நெய் ஒரு தேக்கரண்டி பருப்புச் சோற்றின் மேல் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வனஸ்பதிக் கவலை இங்கே பெரிதாக வேண்டாம், அதில் இருக்கும் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களை 2021 ஜூனில் சிங்கப்பூர் தடை செய்துவிட்டது.

ஆனால் "எண்ணெயைக் குறையுங்கள்" என்பதோடு நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். எண்ணெயைக் குறைத்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பொரியல் குறையும், பசிக்கு இன்னொரு கரண்டி சோறு ஏறும், டிரைகிளிசரைடு இன்னும் ஏறும்.

முதலில் தேநீரை மாற்றுங்கள். கெட்டிப்பால் தே ஒன்றில் சுமார் மூன்று தேக்கரண்டிச் சீனி இருக்கும்; நான்கு குடித்தால் பன்னிரண்டு, அதுவும் கல்லீரல் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில். 'தே சி கோசோங்' (கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத பால், சீனி இல்லை) என்று கேளுங்கள். ஒரேயடியாக முடியாது என்றால் ஒரு மாதம் 'சியூ தாய்' (இனிப்புக் குறைவு), அப்புறம் கோசோங். நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், இதை நூற்றுக்கணக்கானவர்களிடம் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் சீனியின் அளவைப் பார்த்துத் தரம் போடும் நியூட்ரி-கிரேட் வந்துவிட்டது. சி, டி என்று போட்டிருப்பதைக் கையில் எடுக்காதீர்கள்.

அடுத்தது புரதம். காலையில் இட்லி, மதியம் சோறு சாம்பார், மாலையில் காப்பிக்கடையில் வெஜிடேரியன் பீ ஹூன் (அரிசிச் சேமியா), இரவில் தோசை: நம் சைவத் தட்டு பல நேரம் மாவு, அதன் மேல் மாவு, ஓரத்தில் கொஞ்சம் பருப்புத் தண்ணீர். சாம்பாரில் இருக்கும் பருப்பைப் புரதம் என்று கணக்கில் எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் சைவருக்கு இருக்கும் பெரிய வரம் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) தாவ் குவாவும் (கெட்டியான டோஃபு). ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. தெம்பேயைச் சின்னத் துண்டாக நறுக்கி, மிளகு சீரகம் போட்டு, வாழைக்காய் வறுவல் செய்வதுபோல் கொஞ்ச எண்ணெயில் வாட்டச் சொல்லுங்கள். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் இதுவும் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையும் காயும் வரட்டும். தட்டில் காயையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறும். இரவு வேலை நாளில் பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிட்டு, மூன்று மணிக்குச் சுண்டலோ தயிரோ போதும்.

சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், புளோக்கைச் சுற்றி வந்தாலே போதும். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். குந்தி எழுவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். சர்க்கரையை உறிஞ்சிக்கொள்வது தசைதான். உங்கள் இலக்கு கிலோ அல்ல, டேப். எடை இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கலாம். அதற்காகப் பட்டினி கிடந்து தசையை இழந்துவிடாதீர்கள்.

ரத்த அழுத்தத்தை இரவு வேலை முடிந்த கையோடு பார்த்ததை நான் நம்பமாட்டேன். கைக்குக் கட்டும் கருவி ஒன்று வாங்கி, ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். ஊறுகாயும் அப்பளமும் தினமும் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை ஆக்குங்கள்.

இனி அப்பா. 52 வயது என்று நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைக் கடந்து போக மனமில்லை. தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அது தனியொரு ஆபத்துக் காரணி. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்து ஆண்டு முன்னதாகவே வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ இதயநோய் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். சிங்கப்பூருக்கென்று மாற்றியமைத்த அந்தக் கணக்கில் இனமும் சேர்க்கப்படுகிறது. அப்பாவின் வயதைக் கட்டாயம் சொல்லுங்கள். பார்த்துவிட்டு மருத்துவர் ஸ்டேட்டின் எடுக்கச் சொன்னால் "சாப்பாட்டிலேயே சரிசெய்துவிடுகிறேன்" என்று தள்ளிப்போடாதீர்கள். உணவு ஆலோசனைத் தொழிலில் இருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

அதோடு எல்பி-ஏ என்ற சோதனையை ஒரே ஒரு முறை செய்துகொள்ளுங்கள். நார்வே நாட்டுக் கோரே பெர்க் 1963-ல் கண்டுபிடித்த, கொலஸ்ட்ராலைச் சுமக்கும் இன்னொரு கெட்ட துகள் இது. அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே முடிவு செய்கிறது. தெம்பேயோ நடையோ அதை அதிகம் அசைக்காது. லிட்டருக்கு 125 நானோமோலுக்கு மேல் (வேறு அலகில் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல்) வந்தால், மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கமாக வைத்திருக்க வேண்டும் என்று பொருள்.

மகனைக் கேட்டீர்கள். உங்கள் எல்பி-ஏ உயர்ந்திருந்தால் அவனுக்கும் இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படியானால் அவனுக்கும், உங்களோடு பிறந்தவர்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கூடவே கொலஸ்ட்ராலும். உங்களுடையது சாதாரணமாக வந்தால் அவனுக்கு இப்போது ரத்தம் எடுக்க அவசரம் இல்லை, ஆனால் அவனும் முட்டை சாப்பிடாதவன் என்றால் பி12 மட்டும் பார்த்துவிடுங்கள். புது ரிப்போர்ட் வந்ததும், டேப் அளவோடு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.